கேட்டலின் இழப்பு: கர்நாடக இசை இரசனை பற்றிய ஒரு நோக்கு

நுண்கலைகள் பற்றிய நமது விமர்சன எழுத்துக்கள் பெரும்பாலும் கலைஞனைப் பற்றியனவாகவோ, கலைப்படைப்பினைப் பற்றியனவாகவோ அமைந்துள்ளன. கலையை நுகர்வோனைப் பற்றிய ஆய்வு நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. இது இன்று நேற்று ஏற்பட்ட குறைபாடன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் எனப் பலரது அமைதியையும் விரிவாகக் கூறுகின்றது. அரங்கின் அளவினையும், தூணின் நிழல் விழாதவாறு விளக்கு நிறுத்தும் முறையினையும் கூட அது விட்டுவைக்கவில்லை. ஆனால் அவ்வரங்கின் முன்னே அமர்ந்து கேட்டவனுக்குரிய அமைதி யாது என்னும் வினாவிற்கு அங்கே விடையில்லை. அரசன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அளித்தான் என்ற அளவில் கேட்போனது பங்கு முடிந்துவிடுகின்றது. அடுத்து வருவது மாலை விலைபோன கதை.

அக்காதையின் ஆய்விலிருந்தே விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் கிளைத்தது என்பர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அடிகள், 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூலை அரங்கேற்றி, அவ்வாண்டிலேயே மறைந்தார். வழக்கொழிந்துபோன ஒரு கருவியைச் சொற்களின் துணைகொண்டும் கணக்கின் துணைகொண்டும் மீட்டெடுக்கும் அரும்பணி அது. கருவி மறைந்தால் அதனைத் தேடிச் செல்வதற்கு நூல்களேனும் உள. கேட்கும் செவி மறைந்தால் அதனை எங்கே சென்று தேடுவது?

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய ஒரு மறைவாகும். ஒரு காலத்தில் கர்நாடக இசையை விரும்பிக் கேட்ட ஒருவர், பின்னர் யாதொரு பகையுமின்றி அதிலிருந்து விலகிவிடுகின்றார். அவ்விலகல் எப்போது நிகழ்ந்தது என்று அவராலேயே கூற முடிவதில்லை. இசையை வெறுப்பவரையும், இசையை ஒருபோதும் கேளாதவரையும் இங்கு நாம் கருதவில்லை. கேட்டு, சுவைத்து, பின்னர் இழந்தவரே நமது கவனத்திற்குரியவர்.

தன்மை ஒருமையில் எழுதுவது இத்தகைய மலர்களின் மரபன்று என்பதை அறிவேன். ஆயினும் நான் நன்கறிந்த சான்று என்னுடையதே ஆதலால் அதனை முதலில் வைக்க வாசகர் அனுமதிப்பாராக. கண்டி கட்டுக்கலைப் பகுதியில் வளர்ந்த நான் எட்டாவது வயதில் வாய்ப்பாட்டுப் பயிலத் தொடங்கினேன். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தரம் தரமாக ஏறினேன். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாகக் கொண்டு நல்ல பெறுபேறுகளையும் அடைந்தேன். பேராதனைக்கு வந்த பின்னர் தம்புராப் பெட்டியைத் திறந்ததில்லை. நேரமின்மையே காரணம் என்று நம்பியிருந்தேன்.

கடந்த ஆண்டு ஒரு விழா மாலையில் நமது வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் ஆலயத்தில் மேளக்கச்சேரி நடைபெற்றது. நாதஸ்வரக் கலைஞர் ஆலாபனையைத் தொடங்கினார். இரண்டாவது பிடியிலேயே அது தோடி என்று அறிந்துகொண்டேன். எட்டாவது மேளம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். அருகில் நின்ற தோழியரிடம் பெயரைக் கூறினேன், அவர்களும் வியந்தனர். அதன் பின்னர் செய்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கலைஞர் மேலும் அரைமணி நேரம் வாசித்தார். விடையை எழுதி முடித்துவிட்டு மணியடிக்கும்வரை பரீட்சை மண்டபத்தில் காத்திருக்கும் மாணவியின் நிலையே என்னுடையதாயிற்று. பத்து வயதில் இதே இராகத்தை வானொலியிற் கேட்டுவிட்டு உறங்க மறுத்தவள் நான்.

இத்தகைய இழப்பிற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது சினிமா. இப்போது அவ்விடத்தைக் கைத்தொலைபேசி பெற்றுள்ளது. திரைப்பாடல் செவியைக் கெடுத்துவிட்டது என்னும் முறைப்பாடு எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் இம்முறைப்பாட்டை அரச கொள்கையாகவே ஆக்கி, அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஒதுக்கிச் சாஸ்திரீய இசைக்கு இடமளித்தார். விளைவினை நாம் நன்கறிவோம். இந்திய நேயர்கள் தமது வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். கட்டளையினால் இரசனை உண்டாவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மேலும், திரைப்பாடலும் கர்நாடக இசையும் ஒன்றையொன்று விழுங்கும் பகைகள் என்பதே ஐயத்திற்குரியது. 1944 இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. அதன் பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை; பாடியவர் எம். கே. தியாகராஜ பாகவதர். அப்பாடல்களைத் தெருவில் முணுமுணுத்துச் சென்றவர்களின் செவி கெட்டுவிட்டதென்று எவரும் கூறத் துணியார். என் வரையில், நான் சினிமாவுக்காகச் சங்கீதத்தைக் கைவிட்டவளல்லள். தோடிக்குப் பதிலாக வேறெதனையும் நான் வைக்கவில்லை. அந்த இடம் வெறுமையாகவே கிடக்கின்றது.

இரண்டாவது காரணம் நமது வளாகத்திலேயே அடிக்கடி கேட்கப்படுவது. கர்நாடக இசை நிலமானிய சமுதாயத்தின் கலை. கோயிலையும் அரண்மனையையும் அண்டி வளர்ந்தது. பின்னர் நகரத்து உயர்சாதியினரின் சபாக்களிலே அடைபட்டது. ஆதலால் அதன் மீதான பற்று நீங்குவது இழப்பன்று, விடுதலையே என்பது அவ்வாதம். பேராதனையில் வேரூன்றிய சமூகவியல் நோக்கிலான விமர்சன மரபினைக் கற்றவர்களுக்கு இவ்வாதம் எளிதில் வசப்படும். அதன் பெரும்பகுதி உண்மையுமாகும். இசை வேளாளர் மரபிலே பிறந்த நாதஸ்வர, தவில் கலைஞர்கள் இறைவனுக்கு முன்னால் நடந்து சென்று வாசித்தனர். ஆயினும் நகரத்துச் சபா மேடையில் வாய்ப்பாட்டுக்காரருக்கு நிகரான இடம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. தேவதாசியர் குலத்துப் பெண்களிடமிருந்து ஆடலையும் பாடலையும் பெற்றுக்கொண்ட சமூகம் அவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. இவற்றை மறைத்துவிட்டு இசையின் தெய்வீகம் பற்றிப் பேசுவது நேர்மையன்று.

ஆனால் இவ்வாதத்தில் ஒரு குறை உளது. இன்பம் எங்ஙனம் உண்டாயிற்று என்பதை அது விளக்குவதில்லை. இன்பத்தை விளக்காத ஒரு கோட்பாடு, இன்பத்தின் இழப்பை எவ்வாறு விளக்கும்? தோடியைக் கேட்டு உறங்க மறுத்த பத்து வயதுச் சிறுமி நிலமானியச் சிந்தனைக்கு அடிமைப்பட்டிருந்தாள் என்று கூறின், அது அச்சிறுமிக்கும் பொருந்தாது, நிலமானியத்திற்கும் பொருந்தாது. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது. கேட்டல் என்பது தனிமனித உள்ளத்தில் மாத்திரம் நிகழும் ஒன்றன்று; அதற்கென ஓர் இடம், ஒரு பொழுது, ஒரு கூட்டம் ஆகியன வேண்டும் என்றும், அவை மாறும்போது செவியும் மாறுகின்றது என்றும் கொள்வோமாயின் வழி ஓரளவு தெளிவுறும்.

வரலாறும் இதற்குத் துணைசெய்கின்றது. கண்டி இராச்சியத்தின் இறுதி நான்கு மன்னர்கள் தென்னிந்திய நாயக்கர் மரபினர். அவர்களுள் இறுதியானவனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815 இல் முடியிழந்து, வேலூரிலே சிறையிருந்து, 1832 இன் தொடக்கத்தில் இறந்தான். அதே 1832 இல் சில வாரங்களுக்குப் பின்னர் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரும் மறைந்தார். (இவ்விரு மரணங்களையும் ஒன்றாக வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, கண்டி வாவியைச் சுற்றி நடக்கும்போது எனக்கு மட்டும் அடிக்கடி நினைவுக்கு வரும்.) தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரும் வாழ்ந்த காலம் இம்மன்னர்கள் வாழ்ந்த காலமே. கண்டியிலே அரசவை அழிந்தபோது அதனோடு சேர்ந்த கேட்போர் கூட்டமும் கலைந்தது. தஞ்சையிலோ 1855 இல் அரசு கும்பனியாரின் கைக்கு முற்றாகச் சென்ற பின்னர், கலைஞர்கள் புரவலரைத் தேடிப் பல திசைகளிலும் சென்றனர். அவர்களுட் பலரைச் சென்னை ஏற்றுக்கொண்டது. அங்கே உருவாகிய சபாக்களும், 1928 இல் தோன்றிய சங்கீத வித்துவ சபையும் கச்சேரியைக் கேட்கும் புதியதொரு முறையினை வகுத்தன: அனுமதிச் சீட்டு, வரிசையாக நாற்காலிகள், இரண்டரை அல்லது மூன்று மணி நேரம், ஒன்றன்பின் ஒன்றாகப் பல உருப்படிகள். விடியும்வரை கோயில் வீதியில் ஒரே இராகத்தைக் கேட்டு நின்றவனுக்கும், இந்நாற்காலியில் அமர்ந்தவனுக்கும் செவி ஒன்றாக இருந்திருக்க முடியாது. 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம் பாடலின் மொழி பற்றிய நியாயமான கேள்வியினை எழுப்பியது. கேட்கும் முறை பற்றிய கேள்வியை அது அதிகம் எழுப்பவில்லை.

ஈழத்துத் தமிழரிடையே இச்செவியினை உருவாக்கியவை கோயிலும் வானொலியும் பரீட்சையும் என்று கூறலாம். முதலிரண்டையும் பற்றி நான் அறிந்தவை என் தாய்வழிப் பேரனாரிடமிருந்து அறிந்தவையே. யாழ்ப்பாணத்தில் அளவெட்டிக்கு அயலிலுள்ள கிராமமொன்றிலே பிறந்து, எழுதுவினைஞராகக் கண்டிக்கு வந்து, இங்கேயே ஓய்வுபெற்றுத் தங்கிவிட்டவர் அவர். சங்கீதம் கற்றவரல்லர். ஆயினும் இளமையில் அவர் கேட்டது அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவிலை. 1975 இல் மறைந்த அம்மேதையின் புகழ் தமிழகத்திலும் பரவியிருந்ததை நாம் அறிவோம்; பேரனாருக்கோ அவர் அடுத்த ஊர்க்காரர். திருவிழா இரவுகளில் மணலிலே படுத்திருந்து, உறங்கி, விழித்து, மீண்டும் கேட்ட செவி அவருடையது. கண்டியில் அவருக்குக் கிடைத்தது வானொலி மாத்திரமே. திருச்சி நிலையம் 1939 இல் தொடங்கப்பெற்றது. மலைகளுக்கு இடையேயும் இரவில் அதன் அலை ஓரளவு வந்து சேரும். இரைச்சலினூடே வரும் நாதஸ்வரத்தை முள்ளைத் தொட்டுத் தொட்டுத் திருத்தியவாறு அவர் கேட்பதை நான் பார்த்திருக்கின்றேன்.

அவர் இராகங்களின் பெயரை அறியார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. அவரிடம் வேறு பெயர்கள் இருந்தன. ஓர் ஆலாபனை தொடங்கியதும், “இது எங்கட அம்மன் கோயில் பூங்காவனத்திலை வாசிச்சது” என்பார். மற்றொன்று தேர் இருப்புக்கு வந்த பின்னர் வாசித்தது; இன்னொன்று, யாரோ ஒருவரின் திருமணத்தில் மழை கொட்டியபோது பந்தலுக்குள் வாசித்தது. ஒவ்வோர் இராகமும் அவருக்கு ஓர் இடமும் ஓர் இரவுமாக இருந்தது. அக்கதைகளோடு சேர்த்தே நான் தோடியைக் கேட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பரீட்சையொன்றிற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், அவர் பூங்காவனம் என்று சொன்ன ஒன்றைக் கேட்டு, “இல்லை அம்மப்பா, இது காம்போதி, நீங்கள் போன கிழமை பூங்காவனம் எண்டு சொன்னது கல்யாணி” என்று திருத்தினேன். அவர் மகிழ்ந்தார், அயலவரிடம் பெருமையாகவும் கூறினார். அன்று முதல் ஒவ்வொரு முறையும், “பிள்ளை, இது என்ன இராகம்?” என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். நான் விடை கூறுவேன். திருவிழாக் கதைகளை அவர் அதன் பின்னர் சொல்லவில்லை. நான் உயர்தரம் பயின்றபோது அவர் காலமானார். வானொலிப் பெட்டி இன்றும் வீட்டில் இருக்கின்றது. அதன் முள்ளை அசைக்க எவருக்கும் தெரியாது.

பரீட்சையைப் பழிப்பது என் நோக்கமன்று. 1931 இல் நிறுவப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை பல தலைமுறைகளுக்கு இசையறிவின் வாயிலாக இருந்தது. 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்திலே கோயில் வீதிகள் இருண்டன. கலைஞர்கள் இடம்பெயர்ந்தனர், சிலர் கடல்கடந்தனர். இரவில் வெளியே செல்வதே அச்சத்திற்குரியதாயிற்று. அந்நிலையில் ஒரு மேசையும் ஒரு பாடத்திட்டமும் இருந்தாற் போதும் என்ற நிலையில் நின்று நிலைத்தது பரீட்சைக் கல்வியே. ஆசிரியைகள் பலர் தமது வீட்டு விறாந்தைகளிலே அதனைக் காத்தனர். மலையகத்தில் எம்மைப் போன்றோருக்குச் சங்கீதம் கிடைத்ததும் அவ்வழியாகவே.

ஆயினும் பரீட்சை எதனைக் கேட்கின்றது என்பதையும் நோக்க வேண்டும். இராக இலட்சணம் தருக. ஆரோகண அவரோகணம் எழுதுக. வாக்கேயகாரரின் வரலாற்றைச் சுருக்கி வரைக. தாளக் குறியீட்டுடன் எழுதுக. இவையனைத்திற்கும் விடை உண்டு; விடை வந்தவுடன் வினா முடிந்துவிடுகின்றது. இப்பழக்கம் பத்தாண்டுகள் தொடரும்போது, கேட்கும் ஒவ்வோர் இராகமும் ஒரு வினாவாகவே செவியில் விழுகின்றது. பெயர் தெரியாத இராகம் அச்சத்தைத் தருகின்றது. பெயர் தெரிந்த இராகம் உடனே தீர்ந்துபோகின்றது. கோயிலும் வானொலியும் செவியை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அச்செவிக்கு ஒழுங்கினைத் தருவதாகப் பரீட்சை அமைந்தது. அவையிரண்டும் தளர்ந்து பரீட்சை மாத்திரம் எஞ்சியபோது, ஒழுங்கு இருந்தது. ஒழுங்குபடுத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. உயர்ந்த தரத்தில் தேறியோரிற் பலர் பின்னர் ஒருபோதும் பாடுவதுமில்லை, கேட்பதுமில்லை என்பதை நமது நண்பர் வட்டத்திலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இதனை அவர்களது சோம்பலாகக் கருதுவது எளிது.

இவ்விடத்தில் நமது இலக்கியத்திலிருந்து ஒரு படைப்பினை எடுத்துக்கொள்வது பயன்தரும். தி. ஜானகிராமன் சங்கீதத்தை நன்கறிந்த எழுத்தாளர்; ‘மோகமுள்’ நாவலை அறியாதார் இலர். ஆனால் கேட்போனைப் பற்றிய அவரது கூர்மையான சிந்தனை ‘செய்தி’ என்னும் சிறுகதையிலேயே வெளிப்படுகின்றது. நாதஸ்வர வித்துவான் ஒருவர், போல்ஸ்கா என்னும் மேனாட்டு இசைக் கலைஞனுக்காக வக்கீல் ஒருவரின் வீட்டில் வாசிக்கின்றார். சாமா இராகத்தில் அமைந்த தியாகராஜரின் ‘சாந்தமுலேகா’ வந்ததும் அவன் தன்னை மறக்கின்றான். வேறொன்றும் வேண்டாம், அதனையே மீண்டும் வாசிக்குமாறு வேண்டுகின்றான். உலகின் இரைச்சல்களுக்கும் போர்களுக்கும் மேலாக எழுந்து அமைதியைக் கூறும் ஒரு செய்தியைத் தான் கேட்டதாக அவன் இறுதியிற் சொல்கின்றான். வாழ்நாள் முழுவதும் அதனை வாசித்த வித்துவானே திகைத்து நிற்கின்றார்.

இக்கதையில் ஜானகிராமன் ஒன்றை மிகச் சரியாகக் கண்டுள்ளார். அது, மீண்டும் வாசிக்குமாறு கேட்கும் அந்த வேண்டுகோள். போல்ஸ்கா இராகத்தின் பெயரைக் கேட்கவில்லை; அது எந்த மேளத்தின் சன்னியம் என்று வினவவில்லை; அதே ஒலி திரும்பவும் வரவேண்டும் என்பது மட்டுமே அவனது தேவை. பெயரறிந்தவனுக்குத் தீர்ந்துபோகின்ற ஒன்று, அறியாதவனுக்குத் தீராமல் நிற்கின்றது. என் பேரனாரின் பூங்காவனமும் இவ்வகையினதே.

ஆனால் கதையின் முடிவு எனக்கு உடன்பாடானதன்று. ‘சாந்தமுலேகா’ என்னும் கீர்த்தனையின் பொருள், அமைதியின்றிச் சுகமில்லை என்பதாகும். மொழியறியாத போல்ஸ்கா இசையிலிருந்து பெற்ற செய்தியும் அமைதியே. இரண்டும் ஒன்றாகப் பொருந்தியதுதான் கதையின் வியப்பு. அதுவே அதன் தளர்ச்சியுமாகும். சாகித்தியம் கூறுவதையே நாதமும் கூறுகின்றதெனின், நாதம் சாகித்தியத்தின் மொழிபெயர்ப்பாகிவிடுகின்றது. போல்ஸ்கா ஒரு பரீட்சைக்குத் தோற்றிச் சரியான விடையை எழுதியவன் ஆகின்றான்; ஆசிரியர் அவனுக்கு முழுப் புள்ளிகளையும் வழங்குகின்றார். அவன் அமைதிக்குப் பதிலாகத் தன் தாயின் சமையலறையையோ, போரில் இழந்த ஒரு தெருவையோ கேட்டிருந்தால் கதை இன்னும் உண்மையானதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மற்றொரு வினாவும் எழுகின்றது. தூய செவியுடைய அந்தக் கேட்போன் ஏன் மேனாட்டவனாக இருக்க வேண்டும்? வக்கீல் வீட்டின் முற்றத்தில் நின்று கேட்ட வேலைக்காரனோ, தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்ட ஒருவனோ அச்செய்தியைப் பெற முடியாதா? நமது இசைக்கு வெளியிலிருந்து ஒருவன் சான்றிதழ் வழங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஜானகிராமனும் அதிலிருந்து முற்றாக விடுபடவில்லை. இவ்வினா எனக்குத் தோன்றியது நூலைப் படித்தபோதன்று. விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழியினாலேயே தோன்றியது.

அவள் புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவளுடைய தந்தையார் தப்பு வாசிப்பவர். மாசி மாதக் காமன் கூத்தில் அவர் இல்லாமல் ஆட்டமில்லை என்பாள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையக மக்களின் கூத்து மரபில் முதன்மையானவை என்பதை நமது பாடநூல்களிற் படிக்கின்றோம். நமது பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தினை நவீன அரங்கிற்கு ஏற்பச் செப்பனிட்டு, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். கூத்து இரசனைக்குரிய கலை என்பதைப் படித்தவர்கள் ஏற்றது அதன் பின்னரே. ஆயினும் தப்பு இன்றும் நம்மிற் பலருக்குச் சாவு வீட்டின் ஒலியாகவே இருக்கின்றது. சங்கீதம் கற்கும் மலையகத்துப் பிள்ளை முதலில் மறக்கப் பழகுவது தன் வீட்டுக் கருவியை என்று அத்தோழி ஒருநாள் சொன்னபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கர்நாடக இசையை இழந்ததாக நான் வருந்துவது அவளுக்கு ஓரளவு வேடிக்கையாகவும் இருக்கின்றது. இழப்பதற்கு முதலில் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

இழப்பு என்பது கேட்போருக்கு மட்டும் உரியதுமன்று. டி. எம். கிருஷ்ணா 2013 இல் வெளியிட்ட தமது ஆங்கில நூலிலே கச்சேரி என்னும் அமைப்பையே கேள்விக்குட்படுத்தினார். 2015 இல் சென்னை மார்கழிப் பருவத்தில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தார். அதற்கு முன்னரே, போர் முடிந்த பின் வடக்கிற்கு வந்து பாடியவர் அவர். 2024 இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்புக்களை நாம் செய்தித்தாள்களிற் கண்டோம். அவரது கருத்துக்கள் அனைத்தையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் பாடுபவனுக்கும் பாட்டுக்கும் இடையே ஒரு விலகல் உண்டாகக்கூடும் என்பதையும், அவ்விலகலுக்கு மண்டபமும் நாற்காலியும் கூட்டமும் காரணமாகலாம் என்பதையும் அவர் வெளிப்படையாகப் பேசியமை குறிப்பிடத்தக்கது. அவரைத் தூற்றியோரும் போற்றியோரும் பேசியவற்றுள் பெரும்பகுதி விருதைப் பற்றியதாக இருந்தது. கேட்டலைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் ஓரிரவு, மழையினால் மின்சாரம் தடைப்பட்டிருந்த வேளையில், என் கைத்தொலைபேசியில் டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒலிக்கச் செய்தேன். 1956 இல் மறைந்த அவரது புகழ் அந்த இராகத்தோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்தது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்றே கூடிய பொழுதுதான் கிடைக்கும். மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையை அதற்குள் அடக்கவேண்டியிருந்தது. இக்கட்டுரைக்காகச் சில குறிப்புக்களை எடுப்பதே என் எண்ணமாக இருந்தது. தோழி படுக்கையிலிருந்து எழுந்து, “அந்த எடத்த இன்னொரு தடவ போடு” என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. கையால் ஓர் அசைவைக் காட்டினாள். காந்தாரத்திலே நின்று மேலுங் கீழும் அசைந்து இறங்கும் இடம் அது. மீண்டும் ஒலிக்கச் செய்தேன். மன்மதன் எரிந்த பின்னர் ரதி அழும்போது தங்கள் தோட்டத்தில் பாடுகிறவர் இப்படித்தான் இறங்குவார் என்றாள்.

அது வேறு இராகமாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மூன்றாவது முறையும் அந்த இடத்தை ஒலிக்கச் செய்தேன். எனக்குக் காந்தாரமே கேட்டது. பத்து வயதில் கேட்டது எதுவோ, அது திரும்பி வரவில்லை என்பதை ஒளியாது எழுதுவதே முறை. வருகின்ற மாசியில் அவளது தோட்டத்தில் கூத்து நடைபெறவுள்ளது. என்னையும் வருமாறு அழைத்திருக்கின்றாள். விடியும்வரை இருக்கவேண்டும், நடுவில் எழுந்து திரும்புவதற்கு பஸ் கிடையாது என்று இப்போதே எச்சரித்தும் இருக்கின்றாள்.